சாப்ஸுக்குப் புளிச்செர்ரி

பழ கிளேஸ் (பளபளக்கப் பூசும் பழப்பாகு) தடவிய போர்க் சாப்ஸுக்கு (எலும்போடு வெட்டிய பன்றித் துண்டுகள்) இங்கே அமெரிக்காவில் வழக்கமாகச் சொல்லும் செய்முறையைப் படித்தால், அடுப்பில் ஏற்றப்போவது இறைச்சியா பாயசமா என்று சந்தேகம் வரும். அரை கப் பழுப்புச் சர்க்கரை, கால் கப் தேன், அதற்கு மேல் அரை பாட்டில் ஆப்ரிகாட் ஜாம். புளிப்புக்கு ஒரு தேக்கரண்டி வினிகர், அதுவும் விருப்பப்பட்டால் போதுமாம். நாகர்கோவில் பக்கத்தில் நல்லமிளகும் தேங்காய்க்கொத்தும் போட்ட பன்றி வறுவல் தின்று வளர்ந்த நாக்கு இதை எப்படி ஏற்கும்? வந்த புதிதில் யார் வீட்டு விருந்திலாவது இதைத் தட்டில் வைத்தால், மரியாதைக்கு ஒரு துண்டு, அத்தோடு சரி.

அதற்காகப் பழமும் பன்றியும் சேராது என்று சொல்ல வரவில்லை. குடகுக்காரர்கள் பன்றிக் கறியில் ஊற்றும் கச்சம்புளி எங்கிருந்து வருகிறது? குடம்புளிப் பழத்தின் சாற்றைக் கறுத்துக் குழம்பாகும் வரை காய்ச்சி எடுப்பதுதான் அது. கோவாவில் விந்தாலு என்ற பன்றிக் கறிக்கு வினிகர். பன்றிக் கொழுப்பு நாக்கில் படிந்து திகட்டும். அதை அறுக்க ஒரு புளிப்பு வேண்டும். அந்தப் புளிப்பைப் பழத்திலிருந்து எடுப்பது நம் பக்கத்துக்காரர்களே எப்போதோ கண்டுபிடித்த வழி. என் சண்டை சர்க்கரையோடு மட்டும்தான். கிளேஸை இனிப்பிலிருந்து தொடங்கிப் புளிப்பைத் தெளிக்கிறார்கள். புளிப்பிலிருந்து தொடங்கி, இனிப்பைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தால் வேறொரு சமையல் கிடைக்கும்.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வெளியே, கார் கம்பெனி வேலைக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள பக்கம். இங்கிருந்து வடமேற்கே சுமார் நாலு மணி நேரம் காரோட்டினால் டிராவர்ஸ் சிட்டி வரும். அமெரிக்காவில் விளையும் புளிச்செர்ரியில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த ஒரு மாநிலத்துடையது. அதிலும் பெரும்பகுதி மிச்சிகன் ஏரியை ஒட்டிய மேற்குக் கரையில் விளைகிறது. அவ்வளவு பெரிய ஏரி மெல்லத்தான் சூடாகும், மெல்லத்தான் ஆறும். குளிர்காலம் முடிந்தும் கரையோரக் காற்று சில்லென்றே இருப்பதால் மரங்கள் அவசரப்பட்டுப் பூப்பதில்லை, பூவை உறைபனி கருக்கும் ஆபத்தும் குறைகிறது. ஏரியை நம்பி எல்லா ஆண்டும் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. 2012 மார்ச்சில் வெயில் கோடை அளவுக்கு அடித்து மொட்டெல்லாம் முன்கூட்டியே விரிந்தது. ஏப்ரலில் உறைபனி வந்தது. அந்த ஆண்டின் புளிச்செர்ரி விளைச்சலில் சுமார் 90 சதவீதம் அழிந்தது.

டிராவர்ஸ் சிட்டிக்கு வடக்கே, விரிகுடாவை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒல்லியாக நீண்டு கிடக்கிறது ஓல்ட் மிஷன் தீபகற்பம். 1852இல் பீட்டர் டோஹர்ட்டி என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் அங்கே செர்ரி நட்டதிலிருந்து இந்தப் பகுதியின் செர்ரிக் கதை தொடங்குகிறது. ஜூலையில் அந்தச் சாலையில் போனால் அறுவடை பார்க்கலாம். கையால் பறிப்பது என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஒரு வண்டி வந்து மரத்தின் அடியைக் கவ்விப் பிடிக்கிறது. சாய்வாக விரித்த துணித் தட்டுகள் இரு பக்கமும் வந்து அண்டுகின்றன. அப்புறம் ஒரு உலுக்கல். சில நொடிகள்தான், இலையெல்லாம் மங்கலாகித் தெரியும், மொத்த மரமும் சடசடவென்று கொட்டிவிடும். விழுந்த பழம் உருண்டுபோய்க் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் சேர்கிறது. தண்ணீரில் போடாவிட்டால் அதன் எடையிலேயே நசுங்கிவிடும், அவ்வளவு மெல்லிய பழம்.

அதனால்தான் புளிச்செர்ரி பச்சையாகத் தூரத்து ஊர்க் கடைகளுக்குப் போவது அரிது. பெரும்பாலும் கொட்டை நீக்கி உறையவைத்தோ, டப்பாவில் அடைத்தோ, உலர்த்தியோ விற்கிறார்கள். கடையில் பச்சையாகக் கிடைக்கும் கருஞ்சிவப்புச் செர்ரி வேறு, அது இனிப்பு வகை. மாண்ட்மொரன்சி என்ற இந்தப் புளிப்பு வகைக்குத் தோல் பளீர் சிவப்பு, உள்ளே சதை மஞ்சள், சாறு கலங்காமல் தெளிவாக இருக்கும். சாலையோரம் ஆளில்லாத மேசைகளில் பெட்டி பெட்டியாக வைத்திருப்பார்கள். எடுத்துக்கொண்டு உண்டியலில் காசு போட்டுவிட்டு வரலாம். ஒன்றை வாயில் போட்டால் கண்ணைச் சுருக்க வைக்கும், கூடவே பாதாம் வாசனை லேசாக வரும். அரிநெல்லி கடித்தவர்களுக்கு இந்தப் புளிப்பில் பயமில்லை. சமையலுக்கு உறையவைத்ததே போதும். உலர்ந்ததை மட்டும் வாங்காதீர்கள், அதில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருக்கும்.

இனி இறைச்சி. போர்க் சாப்ஸ் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. பன்றியின் முதுகெலும்புக்கு இரு பக்கமும் ஓடும் நீளமான சதையை எலும்போடு குறுக்கே வெட்டினால் சாப்ஸ். தோளை ஒட்டி வெட்டியது பிளேட் சாப். கொழுப்பும் சவ்வும் கலந்திருக்கும், ருசி அதிகம், ஆனால் நிதானமாக வேகவேண்டும். இடுப்புப் பக்கம் ஆங்கில டீ எழுத்து வடிவ எலும்போடு வருவது லாயின் சாப். எலும்புக்கு இந்தப் பக்கம் ஒரு சதை, அந்தப் பக்கம் வேறொரு சதை, இரண்டும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வராது. நடுவே விலா எலும்போடு வருகிற ரிப் சாப்தான் என் தேர்வு. ஒரே சதை, வளைந்த ஒற்றை எலும்பு, ஓரத்தில் ஒரு பட்டைக் கொழுப்பு. ஊரில் மட்டன் சாப்ஸ் வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரிந்த வடிவம், அளவுதான் பெரிது.

கனம் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். தட்டில் அடுக்கிப் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருக்கும் அரை அங்குலத் துண்டுகள், வெளியே சிவக்கும் முன்னரே உள்ளே வெந்து முடிந்துவிடும், கிளேஸ் தடவ நேரமே இருக்காது. இறைச்சிக் கவுண்டரில் கேட்டால் வேண்டிய கனத்தில் வெட்டித் தருவார்கள். இப்படிக் கனமாக, எலும்போடு வெட்டிய துண்டுக்கு அயோவா சாப் என்றே பெயர் உண்டு. அமெரிக்காவிலேயே அதிகப் பன்றி வளர்க்கும் மாநிலம் அயோவா, அவர்களுக்குத் தெரியாதா! அப்புறம் லேபிளைப் படியுங்கள். 'கரைசல் சேர்த்தது' என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால், உப்பும் பாஸ்பேட்டும் கலந்த தண்ணீரை ஊசியால் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இறைச்சி விலையில் தண்ணீர் வாங்குவது ஒரு பக்கம். வாணலியில் போட்டதும் அந்தத் தண்ணீர் வெளியே வந்து, பொரிய வேண்டியது அவிந்துபோவது இன்னொரு பக்கம்.

இவ்வளவு பார்க்கக் காரணம் இருக்கிறது. இங்கத்திய பன்றி மெலிந்துபோன பன்றி. கொழுப்பு என்றாலே அலறிய காலத்தில், கோழியோடு போட்டி போட வேண்டி, 1987இல் பன்றி வளர்ப்போர் அமைப்பு 'இன்னொரு வெள்ளை இறைச்சி' என்ற விளம்பரத்தைத் தொடங்கியது. கொழுப்பில்லாத பன்றியாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து வளர்த்து, கடையில் கிடைக்கிற சாப்ஸின் சதைக்குள் கொழுப்புக் கோடே தெரியாமல் போயிற்று. டியூராக், பெர்க்‌ஷயர் இனங்களில் இன்னும் தெரியும்; விலையும் அதற்கேற்ப. மெலிந்த சதையை ஒரு தலைமுறை முழுக்க 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 டிகிரி செல்சியஸ் வரை வேகவைத்தது. அந்த வறட்சியை மறைக்கத்தான் ஜாமும் தேனும் இவ்வளவு தடிமனாக வந்து உட்கார்ந்தன என்பது என் ஊகம். பக்குவமாக வெந்த சாப்ஸுக்கு அத்தனை போர்வை தேவையில்லை.

எந்தப் பக்குவம்? இதில்தான் எங்கள் வீட்டில் தகராறு. பழைய பயத்துக்குக் காரணம் டிரைக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிப் புழு. பன்றிக்குச் சமைக்காத எச்சில் கழிவைப் போடக்கூடாது என்று 1980இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. வளர்ப்பும் கொட்டகைக்குள் போயிற்று. இன்று இந்த நாட்டில் அந்த நோய் வருவது பெரும்பாலும் வேட்டையாடிய கரடிக் கறி போன்றவற்றால்தான். 2011 மே மாதம் அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டுகளுக்கான அளவை 145 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 63 டிகிரி செல்சியஸ் என்று இறக்கியது. அடுப்பிலிருந்து எடுத்த பின் மூன்று நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி. கொத்திய பன்றிக்கறிக்கு மட்டும் பழைய 160 டிகிரிதான். 145இல் நடுச்சதை லேசான ரோஜா நிறத்தில் இருக்கும், வெட்டினால் சாறு வரும்.

இதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். கோடையில் வந்து எங்களோடு தங்கியிருந்தபோது, நான் சாப்ஸை வெட்டித் தட்டில் வைத்ததும் முட்கரண்டியால் புரட்டிப் பார்த்தார்.

"மக்ளே, இது வேகல பாத்துக்க. செவப்பா கெடக்கு."

"வெந்தாச்சும்மா. தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தேன்."

"காய்ச்சலா அதுக்கு, தெர்மாமீட்டர் வைக்க? எனக்கு இன்னும் ரெண்டு திருப்பு திருப்பித் தா."

திருப்பித்தான் கொடுத்தேன். அம்மா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரில் பன்றி தெருவில் திரிந்து கண்டதையும் தின்னும். நாடாப்புழுவின் இளநிலை அதன் சதைக்குள் அரிசி அரிசியாகத் தங்கும். சரியாக வேகாத அந்தக் கறியைத் தின்றால் குடலில் புழு வளரும். புழு உள்ளவரிடமிருந்து அதன் முட்டை தண்ணீர், காய்கறி வழியாக மற்றவர்கள் வயிற்றுக்குள் போய், மூளைவரை ஏறி வலிப்பு வரவைக்கும் நோய் தென்னிந்தியாவில் புதிதில்லை. அங்கே சமைக்கிற கைக்கு 'நன்றாக வேகட்டும்' என்பது அனுபவம் கற்றுக்கொடுத்த சட்டம். ஆகவே இந்த 145 கணக்கு, பரிசோதித்த பண்ணை இறைச்சி கிடைக்கும் இடத்துக்கு மட்டும்.

சமைக்கிற முந்தைய நாள் ராத்திரி உப்பு தடவ வேண்டும். எலும்போடு 350 கிராம் உள்ள ஒரு துண்டுக்கு 5 கிராம் உப்பு, இரண்டு பக்கமும், ஓரத்திலும். கம்பித் தட்டில் வைத்து மூடாமல் ஃப்ரிட்ஜில் விட்டுவிடுங்கள். உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும். அந்தத் தண்ணீரிலேயே கரைந்து பிறகு உள்ளே இறங்கும். சதையின் புரதத்தை இளக்கி, வேகும்போது சாறு அதிகம் வெளியேறாமல் பிடித்துக்கொள்ளும். மூடாமல் வைப்பதால் மேற்பரப்பு காய்ந்திருக்கும், காய்ந்த இறைச்சிதான் சிவக்கும். கரைசல் ஏற்றிய துண்டாக இருந்தால் இந்த உப்பு வேண்டாம், கரித்துவிடும்.

கிளேஸைத் தனியாகச் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பெரிய சாப்ஸுக்கு, கொட்டை நீக்கிய புளிச்செர்ரி இரண்டு கப். கொஞ்சம் வெண்ணெயில் நான்கு சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்கி, ஒரு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, ஒரு தேக்கரண்டி நல்லமிளகை ஒன்றிரண்டாக இடித்துச் சேருங்கள். மிளகு வாசனை வந்ததும் செர்ரியையும் அதன் சாற்றையும் கொட்டி, இரண்டு மேசைக்கரண்டி ஆப்பிள் சைடர் வினிகர், ஒரு சிட்டிகை உப்பு. பழப்பாகை இறுக வைக்கும் பெக்டின் செர்ரியில் குறைவு, தானாக இறுகாது. அதற்கு ஒரு ஆப்பிளின் தோலைச் சீவி உள்ளே போட்டுக் கொதிக்கவிட்டுக் கடைசியில் எடுத்துவிடுவேன். ஆப்பிள் தோலில் பெக்டின் தாராளம். சோளமாவு கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. பளபளப்பு வரும், ஆனால் ஹோட்டல் சூப்பின் கொழகொழப்பும் கூடவே வரும். எனக்குப் பிடிக்காது.

பழம் வெந்து உடைந்ததும் மத்தால் மசித்து, அப்போதுதான் சர்க்கரை. நாட்டுச் சர்க்கரையை ஒரு மேசைக்கரண்டி போட்டு நக்கிப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொன்று. ரசத்தில் புளியும் வெல்லமும் நிற்பதுபோல, புளிப்பு முன்னால் தெரிய வேண்டும், இனிப்பு அதன் முனையை மழுக்கினால் போதும். கால் மணி நேரம் மெல்லிய தீயில் சுண்டி, கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்கும் பதத்தில் இறக்கி, ஒரு தேக்கரண்டி டிஜோன் கடுகு விழுது கலந்துவிடுங்கள். ஆறினால் இன்னும் கெட்டியாகும், அதனால் கொஞ்சம் முன்னாலேயே இறக்குவது நல்லது.

இந்தக் கிளேஸை முதலிலேயே தடவி ஊறவைக்கலாமே என்று கேட்பார்கள். கூடாது. பழச் சர்க்கரை 110 டிகிரி செல்சியஸிலேயே நிறம் மாறத் தொடங்கும். சாதாரணச் சர்க்கரைக்கு 160. காய்ந்த இரும்பு வாணலி 200ஐத் தாண்டியிருக்கும். இறைச்சி சிவப்பதற்குள் பழம் கரியாகிவிடும். அன்னாசியில் கிளேஸ் செய்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: பச்சை அன்னாசியில் உள்ள புரோமலின் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கும். அதில் ராத்திரி முழுக்க ஊறிய சாப்ஸின் மேல்பக்கம் களிபோல் குழைந்திருக்கும். கொதித்த அன்னாசியிலோ டப்பா அன்னாசியிலோ அந்த வேலை நடக்காது.

சரி, வாணலி. கனமான இரும்பு வாணலியை நன்றாகக் காயவிட்டு, எண்ணெயைத் துடைத்த மாதிரி தடவினால் போதும். கொழுப்புப் பட்டையில் ஒரு அங்குலத்துக்கு ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் கொழுப்பு சுருங்கித் துண்டு கிண்ணம்போல் வளைந்து, நடுப்பாகம் வாணலியைத் தொடாமல் நிற்கும். முதலில் சாப்ஸைப் படுக்கவைக்கக் கூடாது. இடுக்கியால் பிடித்து, கொழுப்பு ஓரம் கீழே படும்படி நிறுத்துங்கள். வெள்ளையாக இருந்த பட்டை ஓரத்திலிருந்து கண்ணாடியாகத் தெளிந்து, சின்னச் சின்னக் குமிழாகப் பொரிந்து, எண்ணெய் கசிந்து வாணலி முழுக்கப் பரவும். இரண்டு மூன்று நிமிடத்தில் பட்டை பொன்னிறமாகும். இனி அந்தக் கொழுப்பிலேயே மீதிச் சமையல். இந்தக் கட்டத்தில் எங்கள் வீட்டுப் புகை அலாரம் அலறும். வீட்டுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு அதன் கீழே விசிற நிற்பார். சமையலறை விசிறி புகையை வெளியே தள்ளாமல் சுற்றி வீட்டுக்குள்ளேயே விடும் அமெரிக்க வீடுகளில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

அப்புறம் படுக்கவைத்து, நிமிடத்துக்கொரு தரம் திருப்பிக்கொண்டே இருங்கள். ஒரு தரம்தான் திருப்ப வேண்டும் என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். அடிக்கடி திருப்பினால் உள்ளே சீராக வேகும், ஓரம் தடித்து வறளாது. ஏழெட்டு நிமிடத்தில் இரு பக்கமும் நல்ல காப்பிக்கொட்டை நிறம் வந்திருக்கும். தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில் இருந்து நடுவரை செருகுங்கள், எலும்பில் முட்டக் கூடாது. 130 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் தீயைக் குறைத்து, வாணலியில் மிதக்கும் கொழுப்பை வடித்துவிட்டு, மேல்பக்கம் கிளேஸைத் தூரிகையால் தடவித் திருப்புங்கள். சுர்ரென்று ஓசை வரும், நுரைக்கும், புளித்த வாசனை மூக்கில் ஏறும். அரை நிமிடம் கழித்து மறுபக்கம் தடவித் திருப்புங்கள். இன்னும் ஒரு பூச்சு. பாகு இறைச்சியைக் கவ்விப் பளபளவென்று நிற்கும். 140இல் எடுத்துத் தட்டில் வைத்தால் உள்சூட்டிலேயே 145ஐத் தொட்டுவிடும். தெர்மாமீட்டரை எடுக்காமல் விட்டு, அது தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொடாவிட்டால் இன்னொரு நிமிடம் வாணலிக்குத் திரும்பட்டும். அதற்குப் பிறகு மூன்று நிமிடம் வைத்திருந்து வெட்டலாம். தட்டில் கசிந்த சாற்றை மீதிக் கிளேஸில் ஊற்றிக் கலக்கிக் கொதிக்கவிட்டு மேலே விடுங்கள். அதை வீணாக்குவது பாவம்.

இங்கே மசித்த உருளைக்கிழங்கோடு வைப்பார்கள். எங்கள் வீட்டில் வெறும் சோறு, மிளகு தூக்கலாக முட்டைக்கோஸ் பொரியல். சோற்றில் அந்தச் செர்ரிச் சாற்றைப் பிசைந்து தின்கிற சுகத்துக்கு உருளைக்கிழங்கு பக்கத்தில் வர முடியாது. அம்மாகூட, இன்னும் ரெண்டு திருப்பு திருப்பிய தன் துண்டைத் தின்று முடித்து, "இறச்சி கட்டியாத்தான் இருக்கு, இந்தச் சாறு கொள்ளாம்" என்று கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கட்டியாக்கியது யார் என்று நான் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு: தெருப்பன்றி வேண்டாம், பண்ணையில் வளர்ந்த வெண்பன்றியாக, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். விலா எலும்போடு ஒன்றரை அங்குலத்துக்கு வெட்டச் சொல்லி, கடைக்காரர் சின்னத் துண்டாகப் போடுவதற்குள் தடுத்துவிடுங்கள். 71 டிகிரி செல்சியஸ் வரை வேகட்டும். அதற்கு ரிப் சாப்பைவிடக் கொழுப்புள்ள தோள்கறி துண்டு தோதானது, சூட்டைத் தாங்கும். செர்ரிக்குப் பதில் மே, ஜூனில் வருகிற கொடைக்கானல் பிளம்ஸ். தோலோடு போட்டால் புளிப்பும் நிறமும் தோலிலிருந்தே வரும், பெக்டினும் போதிய அளவு உண்டு, ஆப்பிள் தோல் தேவைப்படாது. பேஷன் ஃப்ரூட்டும் நல்ல யோசனை, விதையை வடிகட்டினால். மாம்பழத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காய்ச்சினால் வாசனை ஓடிப்போய் வெறும் இனிப்புதான் மிஞ்சும்.

மீந்த சாப்ஸை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், கட்டையாகிவிடும். மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடே மெல்லிசாகச் சீவி, ரொட்டிக்கு நடுவே வைத்து, மேலே பச்சை வெங்காயமும் கெட்டியாகிப்போன கிளேஸும் வைத்து மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகலாம். எலும்பைத் தூக்கிப் போடாமல் பருப்பு வேகவைக்கும்போது கூடப் போடுங்கள்.